கேபினட்டின் முன்பக்க ஒயர்களை மதர்போர்டில் மாட்டுவது எப்படி? சாரல் ஊர்க்காரர்களுக்கான முழு வழிகாட்டி

புதுக் கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினால் முன்முகத்தின் பின்னாலிருந்து ஏழெட்டு ஒயர்கள் சடைசடையாகத் தொங்கும். ஒன்று தடித்து விறைப்பாக இருக்கும். மற்றவை நூல் மாதிரி மெல்லிசு. பிராசஸர், ராம், ஹீட்சிங்க் எல்லாவற்றையும் தைரியமாக மாட்டியவர்கள்கூட இந்த நூல் ஒயர்களைக் கண்டதும் கையை எடுத்துவிடுவார்கள். செங்கோட்டை, புளியரைக்காரர்கள் தென்காசிக்கும், மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலைக்காரர்கள் புனலூருக்கும் கேபினட்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவது பெரும்பாலும் இந்தக் கடைசி அரை மணி நேர வேலைக்காகத்தான்.

உண்மையில் இதில் பணம் செலவு வைக்கக்கூடிய தவறுகள் மூன்றே. யுஎஸ்பி 3.0 ஹெடரின் (ஹெடர் என்றால் ஒயர் மாட்டுவதற்காகப் போர்டில் நிற்கும் பின்களின் தொகுதி) பின்களை வளைப்பது, யுஎஸ்பி 2.0 பிளக்கை வேறு எதிலாவது அல்லது ஒரு பின் தள்ளிச் செருகுவது, 5 வோல்ட் விளக்கு ஒயரை 12 வோல்ட் ஹெடரில் கொடுப்பது. பவர் ஸ்விட்ச், ரீசெட், எல்இடி ஒயர்களை அவற்றுக்குள்ளேயே மாற்றி மாட்டினாலும் எதுவும் கருகாது. வேலை செய்யாது, அவ்வளவுதான். ஆனால் மக்கள் பயப்படுவது என்னவோ அந்த நூல் ஒயர்களைப் பார்த்து!

கையில் இருக்க வேண்டியவை

நடுத்தர ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் ஒன்று, நுனி மெல்லிய ட்வீசர் ஒன்று, தையல் ஊசி அல்லது குண்டூசி ஒன்று, பிளாஸ்டிக் டை ஏழெட்டு, இன்சுலேஷன் டேப், போனின் டார்ச். மல்டிமீட்டர் இருந்தால் மிக நல்லது. சாதாரண மீட்டரே போதும், 'பீப்' சத்தம் கொடுக்கும் வசதி மட்டும் இருக்க வேண்டும். இவற்றைவிட முக்கியம் மதர்போர்டின் கையேடு. காகிதம் தொலைந்துவிட்டால் போர்டில் அச்சிட்டிருக்கும் மாடல் பெயரையும் ரிவிஷன் எண்ணையும் பார்த்து, தயாரிப்பாளர் தளத்திலிருந்து பிடிஎஃப் இறக்கிக்கொள்ளுங்கள். ஒரே மாடலில் ரிவிஷன் மாறினால் ஹெடர்களின் இடமும் மாறலாம்.

போர்டின் எழுத்துகள் கடுகுபோல் இருக்கும். கண்ணைச் சுருக்காதீர்கள். கேபினட்டுக்குள் போர்டை இறக்குவதற்கு முன்பே கீழ் ஓரத்தையும் வலது ஓரத்தையும் போனில் நெருக்கமாகப் படம் எடுத்து வைத்துக்கொண்டால், பிறகு பெரிதாக்கிப் பார்த்தபடி வேலை செய்யலாம்.

தொடங்கும் முன்

சுவர் ஸ்விட்ச்சை அணைத்தால் மட்டும் போதாது, பவர் கேபிளையே எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கேபினட்டுக்குள் எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டி) உருவிவிடுங்கள். கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்தாலும் எஸ்எம்பிஎஸ் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரத்தைப் போர்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். பல போர்டுகளில் யுஎஸ்பி ஹெடருக்கும் அது போகும். பழைய வீடுகளில் ஸ்விட்ச்சை ஃபேஸில் போடாமல் நியூட்ரலில் போட்டு வைத்திருப்பதும் உண்டு. கேபிளை எடுத்த பிறகு பவர் பட்டனை ஐந்து நொடி அழுத்தினால் தேங்கிய மின்சாரம் வடிந்துவிடும். போர்டில் சிறு விளக்கு ஏதும் எரிந்துகொண்டிருந்தால் அது அணைவதைப் பார்த்தபின் கையை வையுங்கள்.

நிலைமின்சாரத்துக்காக மணிக்கட்டுப் பட்டை வாங்க வேண்டுமா? ஆனி, ஆடியில் சாரல் அடிக்கும்போது காற்றிலேயே ஈரம் நிற்பதால் அந்தத் தொல்லை இங்கே குறைவு. மாசி, பங்குனி வறட்சியில் எச்சரிக்கை தேவை. எந்த மாதமானாலும் போர்டைத் தொடுமுன் கேபினட்டில் பெயின்ட் படாத உலோகத்தைத் தொட்டுக்கொள்ளும் பழக்கம் இருந்தால் போதும்.

எந்த வரிசையில் மாட்டுவது

போர்டைக் கேபினட்டில் ஸ்க்ரூ போட்டு இறுக்கியதும், கிராபிக்ஸ் கார்டு மாட்டும் முன், இந்த வரிசையில் போங்கள்: ஆடியோ, முன்பலகை ஒயர்கள் (பவர், ரீசெட், விளக்குகள்), யுஎஸ்பி 2.0, பிறகு யுஎஸ்பி 3.0, கடைசியாக டைப்-சி. ஆடியோ ஹெடர் பெரும்பாலும் போர்டின் கீழ் இடது மூலையில், எஸ்எம்பிஎஸ் மூடிக்கு ஒட்டினாற்போல் இருக்கும். கிராபிக்ஸ் கார்டு உட்கார்ந்துவிட்டால் அங்கே விரல் போகாது. தடித்த யுஎஸ்பி 3.0 கேபிளை முதலில் மாட்டினால் அதன் விறைப்பு மற்ற ஒயர்களை மறைத்துவிடும்.

ஒயர்களை முதலில் கேபினட்டின் முதுகுப்பக்கம் கொண்டுபோய், ஒவ்வொன்றையும் அதன் ஹெடருக்கு மிக அருகில் உள்ள ஓட்டை வழியாக முன்னே எடுங்கள். முன்பக்கமாகவே இழுத்து வந்தால் ஃபேன் றெக்கையில் உரசும்.

பின் இல்லாத இடம்தான் அடையாளம்

இந்த வேலையின் சூட்சுமம் எல்லாம் ஒரு பின் இல்லாத இடத்தில் இருக்கிறது. ஆடியோ, யுஎஸ்பி 2.0, முன்பலகை மூன்றும் இரண்டு வரிசையாக ஐந்தைந்து பின்கள் கொண்டவை. மூன்றிலும் பின்களின் இடைவெளி 2.54 மி.மீ. தூரத்திலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலவே தெரியும். ஒரு வரிசையில் 1, 3, 5, 7, 9, எதிர் வரிசையில் 2, 4, 6, 8, 10 என்று எண் வரும். ஆனால் ஒவ்வொன்றிலும் வெவ்வேறு இடத்தில் ஒரு பின் இருக்காது. முன்பலகையில் 10ஆம் பின் இல்லை, யுஎஸ்பி 2.0இல் 9ஆம் பின் இல்லை, ஆடியோவில் 8ஆம் பின் இல்லை. முதல் இரண்டிலும் காலி இடம் மூலையில் வரும், ஆடியோவில் மூலைக்கு ஒன்று தள்ளி உள்ளே வரும். பிளக்கின் அதே இடத்தில் ஓட்டை அடைபட்டிருக்கும். ஆகவே லேசாக அழுத்தியும் இறங்காவிட்டால் அது 'தப்பு' என்று சொல்கிறது என்று பொருள். பலத்தைக் காட்ட வேண்டாம்.

முதல் வேலை: ஆடியோ

போர்டில் இதற்கு எஃப் ஆடியோ, ஏஏஎஃப்பி, எச்டி ஆடியோ 1, ஜேஏயுடி 1 என்று கம்பெனிக்கு ஒரு பெயர். பிளக்கில் எச்டி ஆடியோ என்று அச்சிட்டிருக்கும். பழைய கேபினட்டில் ஒரே ஒயரின் நுனியில் எச்டி ஆடியோ, ஏசி97 என்று இரண்டு பிளக் தொங்கும். ஏசி97 என்பது இன்டெல் 1997இல் கொண்டுவந்த முறை, எச்டி ஆடியோ 2004இல் வந்தது. எச்டி பிளக்கை மட்டும் மாட்டுங்கள், மற்றதை டேப் சுற்றி ஒதுக்குங்கள். இரண்டையும் வேறு வேறு இடத்தில் மாட்ட இடம் தேட வேண்டாம்.

ஏசி97 பிளக் மட்டுமே உள்ள பழங்காலக் கேபினட் என்றால் சத்தம் வரும், ஆனால் ஹெட்போன் செருகியது போர்டுக்குத் தெரியாது. எச்டி முறையில் 6, 7, 10 ஆகிய பின்கள்தான் 'ஜாக் செருகப்பட்டது' என்ற செய்தியைக் கொண்டுபோகும். ஏசி97இல் அந்த ஏற்பாடு கிடையாது. அப்படியானால் பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் போர்டின் சொந்த செட்டிங் திரை) முன்பலகை வகையை ஏசி97 என்று மாற்றுங்கள். அந்த வசதி இல்லையென்றால் ரியல்டெக் ஆடியோ செட்டிங்கில் முன்பக்க ஜாக் கண்டறிதலை அணையுங்கள்.

ஆடியோ ஒயரை எஸ்எம்பிஎஸ் ஒயர்களோடு சேர்த்துக் கட்டாதீர்கள். அந்த ஒயரில் போவது மிகச் சிறிய சிக்னல், பக்கத்து இரைச்சலையும் கூட்டிக்கொண்டு வரும். மவுஸை நகர்த்தினால் ஹெட்போனில் 'கிர்' என்று கேட்பது பெரும்பாலும் இதனால்தான்.

இரண்டாவது: பவர், ரீசெட், விளக்குகள்

போர்டில் எஃப் பேனல், பேனல் 1, ஜேஎஃப்பி 1 போன்ற பெயரில் இருக்கும், பெரும்பாலும் கீழ் வலது மூலையில். பத்து இடம், ஒன்பது பின் கொண்ட வழக்கமான அமைப்பை இப்படி மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பின் இல்லாத மூலை உங்கள் வலதுகை ஓரத்தில் வருமாறு பாருங்கள். அந்த மூலை இருக்கும் வரிசையில் இடமிருந்து வலமாக:

2: பவர் விளக்கு பிளஸ்
4: பவர் விளக்கு மைனஸ்
6, 8: பவர் ஸ்விட்ச்
10: காலி

எதிர் வரிசையில் அதே திசையில்:

1: ஹார்டு டிஸ்க் விளக்கு பிளஸ்
3: ஹார்டு டிஸ்க் விளக்கு மைனஸ்
5, 7: ரீசெட் ஸ்விட்ச்
9: உபயோகமில்லை, வெறுமனே விட்டுவிடுங்கள்

சில போர்டுகளில் இருபது பின் இடம் இருக்கும். ஸ்பீக்கர், மூன்று பின் பவர் விளக்கு எல்லாம் அதிலேயே சேர்ந்து வரும். அங்கே மேலே சொன்ன வரிசையை நம்பாமல் கையேட்டுப் படத்தைப் பாருங்கள். காம் 1 என்று எழுதிய சீரியல் ஹெடரிலும் 10ஆம் பின்தான் இருக்காது. பார்வைக்கு முன்பலகையின் இரட்டைப் பிறவி. பெயரைப் படிக்காமல் வடிவத்தை மட்டும் பார்த்து மாட்டினால் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் சத்தமே வராது.

ஸ்விட்ச்சுகளுக்குப் பிளஸ் மைனஸ் கிடையாது. இரண்டு ஒயரையும் ஒரு கணம் தொடவைப்பதுதான் பட்டன் செய்யும் வேலை, எப்படித் திருப்பி மாட்டினாலும் சரி. விளக்குகளுக்குத்தான் திசை உண்டு. பொதுவாக வண்ண ஒயர் பிளஸ், வெள்ளை அல்லது கறுப்பு மைனஸ். எல்லா ஒயரும் கறுப்பாகவே இருந்தால் பிளக்கில் பாருங்கள், பிளஸ் பக்கத்தில் ஒரு குட்டி முக்கோணம் இருக்கலாம். தெரியவில்லையா? மாட்டிப் பாருங்கள். எரியாவிட்டால் திருப்பி மாட்டுங்கள். எல்இடி செத்துவிடாது.

ஒரு தொல்லை மட்டும் அடிக்கடி வரும். கேபினட்டின் பவர் விளக்குப் பிளக் மூன்று ஓட்டை அகலத்தில் நடு ஓட்டை காலியாக இருக்கும், போர்டிலோ பக்கத்துப் பக்கத்தில் இரண்டே பின். பிளக்கின் பக்கவாட்டில் ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு பிளாஸ்டிக் நாக்கு தெரியும். ஓர ஒயரின் நாக்கை ஊசியால் மிக லேசாக நெம்பியபடி ஒயரை இழுத்தால் உலோக முனை வெளியே வந்துவிடும். அதை நடு ஓட்டையில், நாக்கு பிடிக்கும் முகம் அதே பக்கம் பார்க்க, 'டிக்' கேட்கும்வரை தள்ளுங்கள். நாக்கை அதிகம் நெம்பினால் முறியும். முறிந்தால் சின்னதாக டேப் சுற்றினால் நிற்கும். இப்போதைய கேபினட்டுகளில் பிளஸ், மைனஸ் தனித்தனி ஒற்றைப் பிளக்காகவே வருவதால் இந்தத் தச்சு வேலை தேவைப்படாது.

குறுகிய இடத்தில் நான்கு குட்டிப் பிளக்குகளை ஒவ்வொன்றாகச் செருகினால் நாலாவதைத் தள்ளும்போது முதலாவது கழன்றுவரும். போர்டோடு பிளக்குகளை ஒன்றுசேர்க்கும் பிளாஸ்டிக் கட்டை தந்திருந்தால், ஒயர்களை வெளியிலேயே அதில் பொருத்தி மொத்தமாக ஒரே தடவை இறக்கலாம். கட்டை இல்லாதவர்கள் ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் வரும் பிளக்குகளை வெளியில் சேர்த்துப் பிடித்து ஒரு சுற்று டேப் போட்டு மாட்டலாம். அசிங்கமாக இருக்கும், ஆனால் நிற்கும்.

பழைய ஆபீஸ்களிலிருந்து வரும் பிராண்டட் கம்ப்யூட்டர்களின் போர்டைக் கழற்றி வேறு கேபினட்டில் போடுகிறவர்கள் கவனிக்க: அவற்றில் பல, முன்பலகைக்குத் தங்கள் சொந்த அமைப்பை வைத்திருக்கும். பின் எண்ணிக்கையும் வரிசையும் மாறும். அந்த மாடலின் பின் வரைபடம் கிடைக்காமல் ஒயரை மாட்ட வேண்டாம்.

மூன்றாவது: யுஎஸ்பி 2.0

எஃப் யுஎஸ்பி, ஜேயுஎஸ்பி போன்ற பெயர்களில் போர்டின் கீழ் ஓரத்தில் இருக்கும். ஒரு ஹெடரில் இரண்டு போர்ட் வரும். 1, 2 ஆகியவை 5 வோல்ட், 3, 4 டேட்டா மைனஸ், 5, 6 டேட்டா பிளஸ், 7, 8 கிரவுண்டு. ஒவ்வொரு வரிசையும் ஒரு போர்ட். ஒயரின் நிறமும் அதே ஒழுங்கில் சிவப்பு, வெள்ளை, பச்சை, கறுப்பு என்று வரும்.

பிளக் ஒரே கட்டையாக இருந்தால் காலி இடத்தைப் பார்த்து மாட்டி, அடுத்ததற்குப் போய்விடலாம். ஒவ்வொரு ஒயரும் தனித்தனியாக வரும் பழைய கேபினட் என்றால் அவசரம் கூடாது. ஒரு பின் தள்ளி மாட்டினால்கூட 5 வோல்ட் டேட்டா ஒயரில் போய், செருகும் முதல் பென் டிரைவையே காவு வாங்கும். நான்கு நிறத்தையும் போட்டபின் இரண்டு வரிசையிலும் சிவப்பு ஒரே ஓரத்தில், கறுப்பு காலி இடத்துப் பக்கத்தில் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

இன்னொரு பொறி பழைய போர்டுகளில் உண்டு. ஐஇஇஇ 1394 அல்லது ஃபயர்வயர் என்று எழுதிய ஹெடர். பின் எண்ணிக்கையும் காலி இடமும் யுஎஸ்பி 2.0 போலவே இருக்கும், பிளக்கும் வழுக்கிக்கொண்டு இறங்கும். ஆனால் யுஎஸ்பியில் கிரவுண்டு வரும் 7, 8ஆம் பின்களில் அங்கே 12 வோல்ட் நிற்கிறது. போர்டும் பென் டிரைவும் சேர்ந்து கருக ஒரு நொடி போதும். இங்கே பிளக்கின் அடைபட்ட ஓட்டை உங்களைக் காப்பாற்றாது, எழுத்தைப் படிப்பதுதான் காப்பாற்றும்.

நான்காவது: யுஎஸ்பி 3.0

அதிகம் சேதமாவது இதுதான். 20 இடம், 19 பின், பின்களின் இடைவெளி 2 மி.மீ. மட்டும். சுற்றிலும் பிளாஸ்டிக் தொட்டி. இதுவும் இரண்டு போர்ட்டுகளுக்கானது. வேகத்தைக் குறிக்கும் பெயர்தான் காலத்துக்குக் காலம் மாறியது. யுஎஸ்பி 3.0, யுஎஸ்பி 3.1 ஜென் 1, யுஎஸ்பி 3.2 ஜென் 1 எல்லாம் நொடிக்கு ஒரே 5 ஜிகாபிட்தான்.

பிளக்கின் ஒரு முகத்தில் மேடு இருக்கும், தொட்டியின் ஒரு சுவரில் அதற்கேற்ற வெட்டு இருக்கும். இரண்டையும் நேராக வைத்து, நான்கு மூலையும் ஒரே மட்டத்தில் இறங்குகிறதா என்று பார்த்து, இரண்டு கட்டைவிரலாலும் நேர் கீழாக அழுத்துங்கள். சாய்த்துச் செருகி நிமிர்த்துவது பின்களைப் படுக்க வைத்துவிடும். கேபிள் விறைப்பாக இருப்பதால், செருகும் முன்பே கேபிளை அது திரும்ப வேண்டிய பக்கமாக மெல்ல வளைத்துப் பழக்கிக்கொள்ளுங்கள். போர்டின் வலது ஓரம் காற்றில் நிற்கும் மாடல்களில் அடியில் இன்னொரு கையைத் தாங்கலாகக் கொடுங்கள், இல்லாவிட்டால் போர்டே வளையும்.

கழற்றும்போது இன்னும் நிதானம் வேண்டும். ஒயரைப் பிடித்து இழுத்தால் போர்டிலுள்ள பிளாஸ்டிக் தொட்டியே பிய்ந்து பிளக்கோடு வந்துவிடும். ஒரு கையால் தொட்டியைப் போர்டோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுகையால் பிளக்கை அதன் நீளவாக்கில் மிகச் சிறிதாக ஆட்டி ஆட்டி எடுங்கள்.

பின் வளைந்துவிட்டதா? லெட் எடுத்த 0.9 மி.மீ. மெக்கானிக்கல் பென்சிலின் உலோக மூக்கை வளைந்த பின்னின் மேல் தொப்பி போல மாட்டி, ஒரே தடவையில் மெதுவாக நிமிர்த்துங்கள். முன்னும் பின்னுமாக இரண்டு மூன்று தடவை வளைத்தால் பின் ஒடிந்துபோகும். நிமிர்த்தியபின் பக்கத்துப் பின்னைத் தொடவில்லை என்று உறுதி செய்துகொள்ளாமல் மின்சாரம் கொடுக்காதீர்கள்.

போர்டில் இந்த ஹெடரே இல்லாவிட்டால்? பழைய போர்டுகளில் இது சகஜம். இன்டெல் எச்61 சிப்செட்டில் (போர்டின் முக்கியச் சிப்) யுஎஸ்பி 3.0 கிடையாது. எச்81இல் இரண்டே போர்ட், அவை பெரும்பாலும் பின்பக்கத்துக்கே போய்விடும். 19 பின்னை 9 பின்னாக மாற்றும் சின்ன அடாப்டர் கிடைக்கும். அதைப் போட்டு யுஎஸ்பி 2.0 ஹெடரில் மாட்டினால் முன்பக்கப் போர்ட் வேலை செய்யும், வேகம் மட்டும் 480 மெகாபிட்டில் நின்றுவிடும். கீபோர்டு, மவுஸ், பென் டிரைவுக்கு அது தாராளம்.

ஐந்தாவது: டைப்-சி

இது சுலபம். உலோக உறை போட்ட சின்ன ஹெடர், நேராக வைத்துத் தள்ளினால் கொக்கி விழும் சத்தம் கேட்கும். கழற்றும்போது அழுத்தும் கொக்கி இருந்தால் அதை அழுத்திக்கொண்டு நேராக இழுக்க வேண்டும். போர்டில் இது இல்லாமல் 19 பின்னிலிருந்து மாற்றும் அடாப்டர் போட்டால் 5 ஜிகாபிட்டுக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

முன்முக ஃபேனும் வண்ண விளக்கும்

ஃபேன் ஒயர் நான்கு பின் ஹெடரில் போகும், மூன்று ஓட்டைப் பிளக்கும் அதிலேயே உட்காரும். பயமில்லை. வண்ண விளக்கு ஒயரில்தான் பணம் போகும். நான்கு பின் ஹெடர் 12 வோல்ட். நான்கு இடத்தில் ஒன்று காலியாக மூன்று பின் உள்ளது 5 வோல்ட். 5 வோல்ட் விளக்கை 12 வோல்ட்டில் கொடுத்தால் மொத்த விளக்குச் சரமும் அப்போதே செத்துவிடும். ஹெடரின் அருகே அச்சிட்ட வோல்ட் எண்ணைப் படித்தபின்தான் கையை நீட்ட வேண்டும்.

சில கேபினட்டுகளில் ரீசெட் பட்டனின் ஒயரை விளக்குக் கட்டுப்பாட்டுப் பலகைக்குக் கொடுத்து, நிறம் மாற்றும் பட்டனாக ஆக்கியிருப்பார்கள். ரீசெட் ஒயரைக் காணோம் என்று தேடி அலைகிறவர்கள் அங்கே போய்ப் பாருங்கள்.

முதல் தடவை ஆன் செய்யும்போது

24 பின் மெயின் கேபிளும் பிராசஸருக்கான 8 பின் கேபிளும் மாட்டியிருக்க வேண்டும். பக்கத் தகட்டை மூடாமலே பவர் பட்டனை அழுத்துங்கள்.

ஒன்றுமே நடக்கவில்லையானால் பட்டனைச் சந்தேகிக்கும் முன் ஒரு சோதனை. பவர் ஸ்விட்ச் பிளக்கை உருவிவிட்டு, அது மாட்டியிருந்த இரண்டு பின்களையும் (வழக்கமான அமைப்பில் 6, 8) ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு நொடி மட்டும் சேர்த்துத் தொடுங்கள். அங்கே இருப்பது 5 வோல்ட்டுக்கு மேற்படாத மின்சாரம், கையில் அடிக்காது. ஆனால் நுனி வழுக்கி வேறு பின்களில் படக்கூடாது. இப்போது ஃபேன் சுற்றினால் போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் நலம், குற்றவாளி பட்டனோ அதன் ஒயரோதான். மல்டிமீட்டரை 'பீப்' நிலையில் வைத்து பிளக்கின் இரண்டு ஓட்டையிலும் முனைகளை வையுங்கள். அழுத்தும்போது மட்டும் சத்தம் வர வேண்டும். அழுத்தாமலே பீப் வந்தால் பட்டன் உள்ளே சிக்கியிருக்கிறது. ஸ்க்ரூ டிரைவரால் தொட்டும் அசையவில்லை என்றால் தகராறு முன்பலகையில் இல்லை, எஸ்எம்பிஎஸ், 8 பின் கேபிள், ராம் என்று உள்ளே போய்த் தேடுங்கள்.

ஆன் ஆகி நான்கைந்து நொடியில் அணைந்துபோகிறதா? பவர் பட்டன் சிக்கியிருந்தால் இப்படித்தான் ஆகும், பட்டனை நான்கு நொடி அழுத்திப் பிடித்ததாகப் போர்டு எடுத்துக்கொள்ளும். ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தும் திரையில் எதுவும் வராவிட்டால், அல்லது திரும்பத் திரும்பத் தொடங்கினால், ரீசெட் ஒயரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். ரீசெட் பட்டன் உள்ளேயே நின்றுவிட்டிருக்கலாம். ரீசெட் இல்லாமலும் கம்ப்யூட்டர் வாழும். ரீசெட்டை அழுத்தினால்தான் ஆன் ஆகிறது என்றால் இரண்டு பிளக்கும் இடம் மாறியிருக்கின்றன.

ஹார்டு டிஸ்க் விளக்கு எரியவில்லை என்று மூளையைக் குழப்பிக்கொள்ளும் முன், உங்களிடம் இருப்பது எம்.2 என்விஎம்இ டிரைவ் (போர்டிலேயே நேரடியாக மாட்டும் பட்டை வடிவ டிரைவ்) மட்டும்தானா என்று பாருங்கள். பல போர்டுகளில் அதற்கு அந்த விளக்கு எரியாது.

யுஎஸ்பியில் அதிக மின்சாரம் போகிறது, 15 நொடியில் அணைந்துவிடும் என்று சில போர்டுகள் திரையில் எச்சரிக்கும். உடனே கேபிளை எடுத்துவிட்டு முன்பக்க யுஎஸ்பி பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். எச்சரிக்கை போய்விட்டால், முன்முகப் போர்ட்டுக்குள் டார்ச் அடியுங்கள். உள்ளே நாலு உலோக நாக்கில் ஒன்று மடிந்து பக்கத்து நாக்கையோ உறையையோ தொட்டுக்கொண்டிருப்பது வழக்கம். மின்சாரம் இல்லாதபோது ட்வீசரால் நிமிர்த்தலாம்.

பென் டிரைவ் ஓடுகிறது, எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் மட்டும் விட்டுவிட்டு அறுகிறது என்றால் அதைப் பின்பக்கப் போர்ட்டில் மாட்டிப் பாருங்கள். யுஎஸ்பி 2.0 போர்ட் ஒன்றுக்கு 500 மில்லி ஆம்பியர், 3.0க்கு 900 என்பது கணக்கு. முன்பக்கத்தின் நீண்ட மெல்லிய கேபிளில் வோல்ட் இன்னும் கொஞ்சம் விழும். வயர்லெஸ் மவுஸ் தடுமாறினால் காரணம் வேறு. யுஎஸ்பி 3.0 ஓடும்போது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும், மவுஸின் டாங்கிளும் (யுஎஸ்பியில் செருகும் குட்டி ரிசீவர்) அதே அலைவரிசைதான். டாங்கிளை யுஎஸ்பி 2.0 போர்ட்டுக்கு மாற்றுங்கள்.

முன்முகத்தைத் தொட்டால் கையில் சுரீரென்கிறதா?

பென் டிரைவ் செருகும்போது விரலில் ஊசி குத்துவதுபோல் இருந்தால், 'ஒயரைத் தப்பாக மாட்டிவிட்டோம்' என்று பிரித்துப் பார்க்க வேண்டாம். அது எர்த் கோளாறு. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் ஃபேஸுக்கும் உடலுக்கும், நியூட்ரலுக்கும் உடலுக்கும் நடுவில் சிறு கெபாசிட்டர்கள் உண்டு. இரைச்சலை எர்த் வழியாக வெளியேற்றுவது அவற்றின் வேலை. எர்த் இல்லாவிட்டால் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி கேபினட்டின் உலோகத்திலும் யுஎஸ்பி உறையிலும் வந்து நிற்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் சுரீரென்பதோடு போகும், ஆனால் ஹெட்போனில் ஹம் சத்தம், யுஎஸ்பி அறுதல் எல்லாம் இதன் பிள்ளைகள்.

மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஒரு முனையைக் கேபினட்டின் ஸ்க்ரூவிலும் மறுமுனையைச் சுவர் பிளக்கின் பெரிய எர்த் ஓட்டையிலும் வையுங்கள். ஓரிரு வோல்ட்டுக்குள் இருந்தால் கம்ப்யூட்டர் கேபிளில் எர்த் சரி. ஆனால் சுவரிலேயே எர்த் செத்திருந்தாலும் மீட்டர் அப்படித்தான் காட்டும். ஆகவே பிளக்கின் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவிலும் அளக்கச் சொல்லுங்கள், 230ஐ ஒட்டி வர வேண்டும். இதை எலக்ட்ரீஷியன் செய்வதே நல்லது. புனலூர்ப் பக்கத்து வெட்டுக்கல் மண்ணில் கோடையில் எர்த் குழி காய்ந்துபோவது சாதாரணம், தண்ணீர் ஊற்றி ஈரமாக வைக்க வேண்டும். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் செருகிவிட்டு எர்த் இல்லை என்று புலம்புவதில் பயனில்லை. நியூட்ரலையும் எர்த்தையும் வீட்டுப் பிளக்கிலேயே சேர்த்துக் கட்டிவிடும் கைவைத்தியம் உயிருக்கே ஆபத்து.

சாரல் மாதங்களில்

ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஈரக் காற்று நுழையும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, முன்முகப் போர்ட்டுகள்தான் முதலில் நோகும். அவைதான் திறந்த வாயோடு நிற்கின்றன. ஹெட்போன் ஜாக்கின் உள் உலோகத்தில் ஆக்ஸைடு படிந்தால், ஒரு காதில் மட்டும் சத்தம் வரும். அல்லது ஹெட்போனைக் கழற்றிய பிறகும் 'செருகியே இருக்கிறது' என்று போர்டு நம்பி ஸ்பீக்கரை ஊமையாக்கும். ஜாக்கைப் பத்துப் பன்னிரண்டு முறை செருகி எடுத்தாலே பெரும்பாலும் தெளிந்துவிடும். போகாவிட்டால் ஜாக் முனையில் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் இரண்டு சொட்டு தடவி, மின்சாரம் இல்லாதபோது செருகிச் சுழற்றி, பத்து நிமிடம் உலரவிடுங்கள். தேங்காய் எண்ணெய் விட வேண்டாம். தூசியைப் பிடித்து வைத்துக்கொள்வதற்கு அதைவிடச் சிறந்த பசை இல்லை.

உபயோகிக்காத போர்ட்டுகளுக்கு ரப்பர் மூடி போடலாம். சில ரூபாயில் கிடைக்கும், சித்தெறும்பையும் தடுக்கும். வாரக்கணக்கில் அணைத்து வைத்திருப்பதைவிடத் தினமும் ஒரு மணி நேரமாவது ஓடவிடுவது நல்லது, உள்சூடே ஈரத்தை விரட்டும். ஐப்பசி இடிமழையின்போது மட்டும் ஸ்விட்ச்சை நம்பாமல் கேபிளையும் இன்டர்நெட் ஒயரையும் உருவி வையுங்கள்.

மிஞ்சும் ஒயர்கள்

எல்லாம் முடிந்தபின் ஏசி97 பிளக், மாட்ட இடமில்லாத யுஎஸ்பி பிளக் என்று ஒன்றிரண்டு தொங்கும். யுஎஸ்பி 3.0 கேபிளிலேயே கூடுதலாக ஒரு 2.0 பிளக்கும் வந்தால் இரண்டில் ஒன்றைத்தான் மாட்ட வேண்டும், இரண்டும் அதே போர்ட்டுகளுக்குத்தான் போகின்றன. மிஞ்சியதை வெட்டி எறியாதீர்கள், நாளைக்குப் போர்டு மாறினால் தேவைப்படும். உலோக முனை வெளியே தெரியாதபடி டேப் சுற்றி, முதுகுப்பக்கத் தகட்டின் பள்ளத்தில் டை போட்டுக் கட்டுங்கள். டையை ஒயர் நசுங்கும் அளவுக்கு இறுக்க வேண்டாம், ஒரு விரல்நுனி நுழையும் தளர்வு இருக்கட்டும். மிச்ச வாலைச் சீராக நறுக்கிவிடுங்கள், அடுத்த தடவை உள்ளே கைவிடும்போது அதுதான் கீறும்.